மழை நாள் கதையும் என் வாயும்

அந்தப் புத்தகத்துக்குச் சொந்த அட்டை கிடையாது. அது எப்போதோ கிழிந்து போயிருந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா அக்கா, முருகன் படம் போட்ட பழைய நாட்காட்டித் தாளை மடித்து அதற்கு உறை போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவன், வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் கூடி பக்திப் பாட்டு படிக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். நானும் அப்படி நினைத்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அக்கா அப்போது வாசித்துக்கொண்டிருந்தது, ஒருவன் தன் மனைவியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துகிற இடம். அதற்குத்தான் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால் யட்டியாந்தோட்டை கடைத்தெருவையும் தாண்டிப் போகும். அதில் இது முதல் பத்தில்கூட வராது.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. இதை நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று, அச்சுத் தமிழில் திருத்தி எழுதுகிறாள். என்னைப் பற்றிய கெட்ட விஷயங்களை மட்டும் திருத்துவதில்லை. நான் நினைவுகூர வந்தது என் மதினியை. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. "மொதல்ல அவங்கள பத்தி சொல்லுங்க, ஒங்க பெருமைய பெறகு பாத்துக்கலாம்" என்கிறாள் எழுதுகிறவள். பெருமை ஒன்றும் இல்லை, போகப்போகத் தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. மரம் நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் ஒழுங்காக இறங்காது, பட்டை முழுக்க வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை நாள் எங்களுக்கு விடுமுறை நாள். ஆண்கள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் விற்கிற வீட்டுப் பக்கம் போய்விடுவார்கள். பெண்கள் முன்பெல்லாம் துணி காயாததைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். பிறகுதான் இந்தப் புத்தகம் வந்தது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற அறைக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்கிற அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மழை நாளில் அறை காலியாக இருக்கும். அக்கா வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சுதான் நீளம். மழைக்காக மனிதர்கள் ஆசையாகக் காத்திருந்ததை எங்கள் தோட்டத்தில் அந்த வருடம்தான் பார்த்தேன்.

ஆண்களுக்கு அது பொறுக்கவில்லை. என்ன கதை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் அண்ணன் ரப்பர் ஸ்டோரில் பாலை வாங்கி உறைய வைத்து ஷீட் உருட்டுகிறவன். பெரிய கைகள். அவன்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: "நீ போயி ஒக்காந்து கேளுடா. என்ன பேசுறாளுகன்னு வந்து சொல்லு. ஒனக்குத்தான் வெக்கம்னு ஒண்ணு கெடையாதே." இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அண்ணன் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

அப்படித்தான் நான் ஒற்றனானேன். பிள்ளைக்காம்பரா வாசற்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "ஏன்யா, ஒன் வீட்டு கூர ஒழுகுதா, இங்க வந்து ஒக்காந்திருக்க?" என்று கேட்பார்கள். "கத கேக்க வந்தேன்" என்பேன். "ஒன் கதையே நாறுது" என்பார்கள். சாயங்காலம் ஆண்கள் நடுவில் நான் நின்று, அக்கா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பதையும், ஒவ்வொருத்தியும் முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும் நடித்துக் காட்டுவேன். உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கிறபோதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கதை என்னையும் பிடித்துக்கொண்டது. அது பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக் கதை. புருஷன்காரன் பெரிய உத்தியோகம், ஊரில் நல்ல பெயர். தினமும் சாயங்காலம் மனைவியின் காருக்குள் தலையை விட்டு, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்ப்பான். கணக்கு இடித்தால் அவ்வளவுதான். ஒருநாள் அவள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவனுடைய சப்பாத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தே போய்விடுகிறாள். தடத்தைப் பார்க்கிறவர்கள் அவன்தான் நடந்து போயிருக்கிறான் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. அதற்குப் பிறகு அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவன் நெருங்கி வருகிறான். அவள் வேறு பெயரில் இருக்கிற ஊருக்கே வந்து, அவள் வேலை செய்கிற கடைக்கு எதிரே நின்று தேநீர் குடிக்கிறான். அந்த இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டார். அதற்கடுத்த இரண்டு வாரம் ஒரு துளி மழை இல்லை. நான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

மதினி அந்தக் கூட்டத்தில் எப்போதும் சுவரோரமாக உட்காருவார். வாயைத் திறக்க மாட்டார். எட்டு வருடமாக என் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறப்பு இருக்கும். அண்ணன் வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் வாசனை அடிக்கும். மற்றதும் அந்த வழியாகத்தான் வரும். அதனால் மதினி பேசாமல் இருந்தது எனக்குப் புதிதில்லை. அவர் பேசி நான் கேட்டதைவிட, அவர் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடி வாங்கி நான் கேட்டதுதான் அதிகம்.

ஒருநாள் பேச்சு அந்தப் பனி வீட்டைப் பற்றி வந்தது. அக்கம்பக்கத்தில் வீடே இல்லாததால் அவள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. பால் வெட்டுகிற பெண் ஒருத்தி, "இது நம்புற மாதிரி இல்லையே. நம்ம லயத்துல பக்கத்து காம்பராக்காரன் கொறட்ட விட்டாவே நமக்கு தூக்கம் போயிருது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது என் மனைவி, தலையைத் தூக்காமல், "கேட்டா மட்டும்? டிவிய கூட்டி வைப்பாங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. அத்தனை பேரும் வாசற்படியில் இருந்த என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு டிவி எப்போது சத்தமாகும் என்று லயம் முழுக்கத் தெரியும். அண்ணன் வீட்டுக்குள் முதல் பாத்திரம் விழும்போது என் கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போகும். "போயி கதவ தட்டுங்க" என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணன் வீட்டு விஷயம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போயிருக்கலாம். நான் சொன்னேன்: "நல்ல பாட்டாத்தான் வெப்பேன். மதினியும் கேக்கட்டும்னு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இல்லை. கடையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்து, இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

அடுத்த மழை நாளில் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அக்காவே வாசலுக்கு வந்து, "நனையாம உள்ள வந்து ஒக்காருப்பா" என்றார். பாய் போட்டார்கள். சக்கரைத் துண்டோடு பால் கலக்காத பிளேன்டீ கொடுத்தார்கள். என் பேச்சுத் திறமைக்கு இவர்கள் மயங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு வாசித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். கதையில் வருகிறவள் எப்படி ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அவள் ஓடின விதம் சரியில்லை என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வழக்காட, திடீரென்று சுவரோரத்திலிருந்து மதினியின் குரல் வந்தது.

"நானா இருந்தா மழ நாளுலதான் போவேன்" என்றார். "பால் வெட்டு இருக்குற நாளுல கங்காணி பாப்பாரு, பாலு நிறுக்குற மடுவத்துல பேரு கேப்பாங்க, ஆள் இல்லன்னா ஒடனே தெரிஞ்சிரும். மழ நாளுல யாரு யார தேடுறா? எல்லாரும் போத்திக்கிட்டு படுத்திருப்பாங்க. கொடைய புடிச்சிக்கிட்டு எறங்கி மொத பஸ்ஸ புடிச்சா போதும்."

எட்டு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "மதினி, நீங்களே ஒரு புஸ்தகம் எழுதலாம் போல" என்றேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டாவது பிளேன்டீயும் கிடைத்தது.

சாயங்காலம் நான் ஆண்கள் நடுவில் நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிற மாதிரி துண்டை இழுத்து, மதினியின் குரலிலேயே, "நானா இருந்தா மழ நாளுலதான் போவேன்" என்று நடித்தேன். என் நடிப்பிலேயே சிறந்தது அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றான். சொன்னேன். "பஸ்ஸப் பத்தி என்னமோ சொன்னியே, அதையும் சொல்லு" என்றான். அதையும் சொன்ன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. மதினி கதையில் வருகிறவளைப் பற்றித்தான் சொன்னார் என்றேன். "எனக்கு தெரியும்" என்றான் அண்ணன். ஒரு மனிதனின் கையில் நான் கத்தியைக் கொடுத்துவிட்டேன் என்று அந்த இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். ஆனாலும் எழுந்து யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கெட்டவன் தூங்கிவிடுவான், பயந்தாங்கொள்ளிக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு மழை பெய்த ஒவ்வொரு நாளும் அண்ணன் தன் வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலியைப் போட்டு, வழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். குடிக்கக்கூடப் போகவில்லை. மதினி தண்ணீருக்குப் போனால் பின்னாலேயே போவான். புத்தகக் கூட்டத்துக்கு அவரை விடவில்லை. மழை இல்லாத நாளில் மட்டும் நிம்மதியாக ஸ்டோருக்குப் போய் ஷீட் உருட்டினான். அன்றைக்குத்தான் கங்காணி இருக்கிறாரே, மடுவத்தில் பெயர் கேட்பார்களே. மதினி சொன்னதை அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

மூன்று வாரம் கழித்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த ஒரு காலை. மதினி ஆறு மணிக்கு வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு தனக்கு ஒதுக்கியிருந்த ரப்பர் மலைக்குப் போனார். ஒரு மரம் விடாமல் அத்தனையும் வெட்டினார். எட்டு மணிக்குக் கங்காணி அந்தப் பக்கம் வந்து, சிரட்டைகளில் பால் சொட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனார். வெட்டி முடித்த பிறகு பால் இறங்குகிறவரை இரண்டு மணி நேரம் எங்களுக்கு வேலை இல்லை. மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். அந்த இரண்டு மணி நேரத்தில் மதினி வாளியை ஒரு கிளையில் மாட்டிவிட்டு, மலையின் மறுபக்கமாக இறங்கி, எங்கள் ஆட்கள் ஒருவரும் போகாத சிங்களக் கிராமத்து வழியாகப் பெரிய ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினார். யட்டியாந்தோட்டைப் பக்கமே போகவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய், அடிபட்ட உடம்பைக் காட்டி, அங்கிருந்த ஒரு நர்ஸ் அம்மாவிடம் எல்லாவற்றையும் சிங்களத்திலேயே சொன்னாராம். மதினிக்கு அவ்வளவு சிங்களம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

பத்தரை மணிக்குப் புத்தகக் கூட்டத்துப் பெண்கள் நான்கு பேர், தங்கள் மரங்களோடு மதினியின் மரங்களிலும் பாலைச் சேர்த்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. மடுவத்தில் மதினியின் பெயரைக் கூப்பிட்டபோது, "அவ வயித்து வலின்னு அங்கிட்டு போயிருக்கா" என்று சொல்லி, மதினியின் வாளியை இவளே தராசில் வைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மதினியின் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கி ஊற்றியது என் அண்ணன். மனைவியின் பால் வந்துவிட்டது, அப்படியானால் மனைவியும் இருக்கிறாள் என்று சாப்பாட்டு நேரம் வரை விசிலடித்துக்கொண்டு ஷீட் உருட்டியிருக்கிறான்.

நான் ஒற்றன் இல்லை, அவர்களுடைய தபால்காரன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்கள் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல், முகபாவத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். கூலி இரண்டு பிளேன்டீ.

அண்ணன் அன்று மாலை என் காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்தினான். "மழ நாளுன்னு நீதானடா சொன்ன" என்றான். பிறகு அடித்தான். ஷீட் உருட்டுகிற கை எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். கீழே கிடந்தபடி, யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்கு மறுபக்கக் காம்பராவில் குடியிருக்கிறவன் நல்ல மனிதன். என் வேடிக்கைக்கு முதலில் சிரிக்கிறவன் அவன்தான். அவன் வீட்டில் டிவி சத்தம் மெல்ல மெல்லக் கூடியது. அன்றைக்கு ஏதோ சமையல் நிகழ்ச்சி.

வீங்கிய முகத்தோடு அடுத்த மழை நாளில் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். கடைசி அத்தியாயம் அன்றைக்கு. அக்கா கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினார். "ஒன் வேல முடிஞ்சிருச்சுப்பா" என்றார். அந்தப் பனி தேசத்துக்காரி பிழைத்தாளா, கடைக்கு எதிரே நின்று தேநீர் குடித்தவன் என்ன ஆனான், இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். இதை எழுதும்போதும் கேட்டேன். எழுதிக்கொண்டே இருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஏழெட்டு மாதம் கழித்து அவளே ஒருநாள் என்னிடம், "மதினிக்கு அவங்க ஐடென்டிகாட் வேணுமாம். அது இல்லாம வேலையில பேரு பதிய மாட்டேங்குறாங்களாம். ஒங்க அண்ணன் பூட்டி வச்சிருக்காரு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் பலவிதமாக யோசித்தேன். திருடலாம் என்று நினைத்தேன், யாரையாவது அனுப்பலாம் என்று நினைத்தேன். வேடிக்கையாகப் பேசி வாங்கிவிடலாம் என்றும் நினைத்து, இரண்டு மூன்று ஜோக்குகளைத் தயார் செய்தேன். கடைசியில் ஒரு மழை நாளில் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

லயம் முழுக்க ஆட்கள் இஸ்தோப்பில் இருந்தார்கள். அண்ணன் வெளியே வந்தான். "மதினி ஐடென்டிகாட்ட குடு" என்றேன். தயார் செய்த ஜோக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "அவளுக்கும் ஒனக்கும் என்னடா தொடுப்பு" என்று ஆரம்பித்து, எங்கள் அம்மா காதில் விழுந்தால் செத்தவள் எழுந்து வந்துவிடுவாள் என்கிற மாதிரி பேசினான். நான் அதையே திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னேன். "அடிக்கிறதுன்னா அடிச்சிக்க. காட்ட குடுத்துட்டு அடி" என்றேன். அண்ணன் லயத்தை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். உள்ளே போனான். வந்து அந்த அடையாள அட்டையைச் சேற்றில் எறிந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட ஆகவில்லை.

மதினி இருக்கிற ஊர் எது என்று எழுத மாட்டேன் என்கிறாள் மனைவி. என்னிடம் சொன்னதே தப்பு என்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். போகிற வழி முழுக்க எனக்கு ஒரு எண்ணம். என் வாய் இல்லாவிட்டால் மதினி தப்பித்திருக்க முடியாது, இப்போது அட்டையையும் வாங்கிக் கொடுக்கிறேன், இனியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று. மதினி தான் தங்கியிருக்கிற வீட்டின் கேட்டருகே வந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"எப்பிடி எடுத்த?"

"எடுக்கல மதினி. அண்ணங்கிட்ட கேட்டேன்."

"என்னன்னு கேட்ட?"

"குடுன்னு கேட்டேன்."

"அடிச்சாரா?"

"இல்ல. ஏசினான். குடுத்துட்டான்."

மதினி அட்டையிலிருந்த தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுன்னு கேட்டதுக்கே குடுத்துட்டாரு" என்றார். "எட்டு வருசத்துல ஒரு நாளு நீ வந்து, அடிக்காதன்னு கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பாருன்னு இனி தெரியாதுல்ல, தம்பி."

 மதினி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டைச் சாத்தினார். உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அவர் கையாலேயே போட்டார்.